ஆள் வேணும்னு சொன்னாங்க

பிள்ளைகளே, நம்ம சபையின் கன்வென்ஷன் கூட்டம் என்றால் உங்களுக்குப் பஞ்சுமிட்டாய் வண்டியும், பனைமரத்தில் கட்டிய ஸ்பீக்கரும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஒரு அக்கா ஞாபகம் வருவார். அவரைப் பற்றி உங்களுக்கு எழுதப் போகிறேன் என்றதும் உங்கள் அம்மா, "பேரை மட்டும் போட்டுடாதீங்க. தெரிஞ்சா வீட்டுக்கே வந்து சண்டை போடும்" என்றாள். அதனால் பேர் இல்லை.

எங்கள் தெருவில் அவருக்குச் செட்டு அக்கா என்றே பேர். கீழ்வேளூருக்குக் கிழக்கே நம்முடையது கடைமடை ஊர். ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் நம்மிடம் வரும். வந்தால் நிற்காது. அது நிற்கிற நாளுக்குள் நட்டுவிட வேண்டும். நடவுக்குப் போகிற பெண்கள் ஒரு செட்டாகச் சேர்ந்து போவார்கள். அந்தச் செட்டை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தவர் அக்கா. செத்துப்போன புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் புடவை மேல் போட்டிருப்பார். தலையில் துண்டு. நான் டிராக்டரில் சேறு கலக்கி வயலை விட்டு ஏறுவதற்குள் அவர் செட்டு வரப்பில் வந்து நிற்கும்.

"என்ன தம்பி, வயல உழுதியா, கோலம் போட்டியா? மூலையெல்லாம் மேடா நிக்குது."

"இறங்கிப் பாருங்கக்கா, முழங்காலுக்கு இருக்கும்."

"உன் முழங்காலுக்கா, என் முழங்காலுக்கா?" என்பார். அக்கா குள்ளம்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. எதையும் தள்ளிப்போட விடமாட்டார். நம்ம சபை ஆட்கள் ஒரு காரியத்தில் இருந்து நழுவ வேண்டும் என்றால் என்ன சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும். "ஜெபிச்சு சொல்றேன்" என்போம். முடியாது என்று சொன்னால் மனவருத்தம். ஜெபிக்கிறேன் என்றால் யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள். அக்காவிடம் மட்டும் இது செல்லாது.

ஒரு வருஷம் கன்வென்ஷனுக்குத் தண்ணீர் டேங்க் இழுக்க என் டிராக்டரைக் கேட்டார். எனக்கு அந்த வாரம் வேறு வேலை இருந்தது. "ஜெபிச்சு சொல்றேங்க்கா" என்றேன். தெருவிலேயே, நம்ம வீட்டு வாசலில், அப்படியே முழங்கால் போட்டுவிட்டார்.

"என்னக்கா பண்றீங்க?"

"ஜெபிக்கணும்னியே. வா. ரெண்டு பேரா ஜெபிச்சா சீக்கிரம் பதில் வரும்."

பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நானும் முழங்கால் போட்டேன். டேங்கும் இழுத்தேன்.

இப்படிப்பட்ட அக்கா நடுவில் சில வருஷம் வாயே திறக்காமல் இருந்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். புருஷன் போன பிறகு அப்படி ஆகிவிட்டார். முன்பெல்லாம் நடவில் முதல் பாட்டு அவர் எடுத்தால்தான் மற்றவர்கள் எடுப்பார்கள். அதற்கப்புறம் குனிந்தார், நட்டார், நிமிர்ந்தார், வீட்டுக்குப் போனார். கோவிலுக்கு வருவார். பாட்டுப் புஸ்தகம் மடியில் மூடியே இருக்கும். குருவானவர் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொன்னார். பெண்கள் ஐக்கியத்தில் இருந்து போய்ச் சொன்னார்கள். உங்கள் அம்மா இட்லி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சொன்னாள். எல்லாருக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

அப்படியே இருந்தபோது ஒரு கோடையில் கன்வென்ஷன் நம்ம சபை மூப்பருடைய வயலில் நடந்தது. உளுந்து எடுத்து முடித்த வயல். தென்னங்கீற்றுப் பந்தல், முன்னால் நாற்காலி, பெண்களுக்குத் தார்ப்பாய். அக்கா பிரசங்கம் கேட்க வரவில்லை. பந்தலுக்குப் பின்னால் சமையல் கொட்டகையில் பரங்கிக்காய் நறுக்க வந்தார். அங்கே இருந்தால் யாரும் வந்து ஆறுதல் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. மூன்று நாளும் ஸ்பீக்கரில் வந்ததைக் காதில் வாங்கிக்கொண்டே நறுக்கினார்.

கடைசி நாள் சாயந்திரம் அர்ப்பணிப்புக் கூட்டம். வெளியூரில் இருந்து வந்த பிரசங்கியார் வடநாட்டைப் பற்றிப் பேசினார். அங்கே சுவிசேஷ ஊழியத்துக்கு ஆட்கள் போதவில்லை என்றார். "எனக்கு உங்க கண்ணீர் வேண்டாம். ஆள் வேணும். வேலை கிடக்குது, ஆள் இல்ல. போறவங்க மட்டும் எழுந்து முன்னால வாங்க" என்றார்.

கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் எழுந்தார்கள். ஹார்மோனியக்காரர் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது பந்தலின் பின்பக்கத்தில் இருந்து செட்டு அக்கா வந்தார். கையில் பரங்கி விதை ஒட்டியிருக்கிறது. நடுப்பாதையில் நேராக நடந்து வருகிறார். ஓரத்தில் நின்ற வாலண்டியர் தம்பி சாப்பாட்டு விஷயமாக வருகிறார் என்று நினைத்து, "அக்கா, சாம்பார் ஆயிடுச்சா?" என்று காதில் கேட்டான்.

"இல்ல. நான் போறேன்."

"எங்கக்கா?"

"வடக்கே."

அவன் சிரித்துவிட்டான். தார்ப்பாயில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். அக்கா அதைக் கவனிக்கவில்லை. முன்னால் போய் நின்று, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தார்.

மறுநாள் காலையில் வாய்க்கால் மதகடியில் கன்வென்ஷன் அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டு அவர் பாடினார். உங்கள் அம்மாதான் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். எத்தனையோ வருஷமாகப் பூட்டிக்கிடந்த தொண்டை கொஞ்சம் கரகரத்தது. ஆனால் பாட்டு பாட்டாகத்தான் இருந்தது. போய்ப் பக்கத்தில் நின்றோம்.

"அக்கா, நேத்து ஆண்டவர் பேசினாரா?" என்றாள் உங்கள் அம்மா.

அக்கா அண்டாவைக் கவிழ்த்துவிட்டு யோசித்தார். "அசரீரி எல்லாம் ஒண்ணும் கேக்கலடி. இத்தனை வருஷமா எல்லாரும் என்னைத் தேத்தத்தான் வந்தீங்க. ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடல. நேத்து ஆள் வேணும்னு சொன்னாங்க. ஆள் வேணும்னா எனக்குப் புரியும். நான் ஆளுதானே?"

இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்குப் புதிதாகவே இருக்கிறது. கர்த்தர் ஒருவரைத் தூக்கி நிறுத்துவதற்கு ஆறுதலைவிட வேலை நல்ல வழி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஆள் கேட்ட ஊழியக்காரர்கள் அவரை அனுப்பவில்லை. வயது ஆகிவிட்டது, பாஷை தெரியாது, படிப்பும் இல்லை. "நீங்க ஜெபத்தால தாங்குங்கம்மா" என்றார்கள்.

"ஜெபம் அடுப்படியிலயே பண்ணிக்குவேன். போறதுக்குத்தானே எந்திரிச்சேன்" என்றார் அக்கா. தெருவில் கொஞ்ச நாள் கேலி நடந்தது. செட்டில் ரூபி என்று ஒருத்தி, அக்காவுக்கு அடுத்த ஆள், நாக்கில் மிளகாய் அரைக்கிறவள். "என்னக்கா, ரயிலு எப்ப? எங்களுக்கு அங்கேருந்து கம்பளி வாங்கிட்டு வா" என்பாள். அக்கா, "வாங்கியாறேன், நீ இங்க வெயிலுக்குப் போத்திக்க" என்பார்.

அப்புறம் ஆற்றில் தண்ணீர் வந்தது. குறுவைக்கு நான் மூப்பருடைய வயலில் சேறு கலக்கி முடித்த அன்று, வரப்பில் அக்காவின் செட்டு இல்லை. வேறு ஆட்கள் நின்றார்கள். எல்லாரும் ஆண்கள். அரைக்கால் சட்டை, தலையில் துண்டு. வங்காளத்தில் இருந்து ஏஜெண்ட் கூட்டிவந்த ஆட்கள். நாம்தான் வடக்கே இருந்து யார் வந்தாலும் இந்திக்காரன் என்போமே. அவர்களைப் பாழடைந்த ரைஸ்மில் கொட்டகையில் தங்கவைத்திருந்தார்கள். அவர்கள் வேகமாக நடுவார்கள், தண்ணீர் வடிவதற்குள் முடிப்பார்கள் என்று மூப்பர் முழு வயலையும் அவர்களுக்கே பேசிவிட்டார்.

செய்தி தெருவுக்குப் போனது. செட்டு முழுக்க வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டது. ரூபிதான் முன்னால். "எவன் காலு வயல்ல படுதுன்னு பாக்குறேன்" என்றாள். அவள் சொன்னது புரியாவிட்டாலும் உட்கார்ந்த விதம் அந்த ஆட்களுக்குப் புரிந்தது. கட்டாகக் கட்டிய நாற்று முடிகளைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். குறுவை நடவு போனால் நம்ம பெண்களுக்கு அடுத்த வேலை சம்பாவுக்குத்தான். இது விளையாட்டு இல்லை.

அக்கா கடைசியாக வந்தார். செட்டோடு உட்காரத்தான் வந்தார். ஆனால் உட்காரவில்லை. அந்த ஆட்களில் ஒருவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷருக்கும் அக்கா வயது இருக்கும், மீசை நரைத்திருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். இரண்டு பாதத்திலும் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். நடுகிறவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

"தம்பி, ஏ தம்பி" என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். "இவங்க எந்தப் பக்கத்துக்காரங்க?"

"வடக்கேக்கா. ரொம்ப வடக்கே."

அக்கா என் அருகில் வந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் வடக்கே போறேன்னு சொன்னேன். அது இங்க வந்து ஒத்தக் காலுல நிக்குது."

அன்று யாரும் நடவில்லை. சாயந்திரம் அக்கா மருதாணி இலையையும் மஞ்சளையும் அரைத்து எடுத்துக்கொண்டு ரைஸ்மில்லுக்குப் போனார். கூடவே ஒரு சட்டி கருவாட்டுக் குழம்பு. பாஷைக்கு அவர் கண்டுபிடித்த வழி, தமிழையே கொஞ்சம் சத்தமாகப் பேசுவது. "காலை நீட்டு. நீட்டுங்கறேன். வெக்கமென்ன, நானும் சேத்துல நிக்கிறவதான்." அந்த மனுஷர் நீட்டினார். திரும்பி வந்த அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "அவனுவளும் நம்மள மாதிரி சோறும் மீனும்தான்டி. குழம்ப வழிச்சு வழிச்சுத் தின்னானுவ" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னார். ரூபியின் புருஷன் வழியில் மறித்து, "எத்தனை பேரை ஞானஸ்நானத்துக்குக் கொண்டாரப் போறீங்க?" என்று குத்தலாகக் கேட்டான். "முதல்ல காலு ஆறட்டும்" என்றுவிட்டு நடந்துவிட்டார்.

செட்டுக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. "நம்ம சோத்துல மண்ணள்ளிப் போடுறவனுக்கு இவ குழம்பு ஊத்துறா" என்று ரூபி தெருவில் நின்று கத்தினாள். அக்கா உள்ளே இருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் விடிந்ததும் நேராக மூப்பர் வீட்டுக் களத்துக்கு வந்தார். டிராக்டருக்கு டீசல் ஊற்ற நானும் அங்கே இருந்தேன். மூப்பர் குளித்துவிட்டு வெள்ளை வேட்டியோடு நின்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் அம்மாவும் கூலிக்கு நட்டவர்தான். இவர் சிங்கப்பூரில் உழைத்து அதே வயலை வாங்கினார்.

"அண்ணே, வயல ரெண்டாப் பிரிங்க. அவங்களும் நடட்டும், நாங்களும் நடுறோம்" என்றார் அக்கா.

மூப்பர் வானத்தைப் பார்த்தார். "ஜெபிச்சு சொல்றேம்மா."

நான் டீசல் கேனைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா களத்து மண்ணில் முழங்கால் போட்டார். "வாங்கண்ணே. தம்பி, நீயும் வா."

சபை மூப்பர் ஜெபத்துக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வேட்டியை லேசாகத் தூக்கிக்கொண்டு முழங்கால் போட்டார். அக்கா கண்ணை மூடி ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, நீர் நல்லவர். இந்த வயல இவருக்கு நீர்தான் குடுத்தீர். இது அடுத்தவன் வயலா இருந்தப்ப இவங்க அம்மாவும் எங்க அம்மாவும் ஒண்ணா நட்டாங்க. இப்ப நம்ம ஆளு வயலாயிடுச்சு, ரொம்ப சந்தோஷம். தண்ணி நிக்கிறப்பவே நட்டு முடிக்கணும்னு நினைக்கிறாரு, அது நியாயம். எங்க பொண்ணுங்க வீட்டுல உலை கொதிக்கணும், அதுவும் நியாயம். அந்த ஆளுங்க அவ்வளவு தூரத்துலேருந்து வந்துட்டாங்க, வெறுங்கையா போகக் கூடாது, அதுவும் நியாயம். மூணையும் சேத்து யோசிக்க இவரால ஒத்தையா முடியல. நீர் சொல்லும். சொல்ற வரைக்கும் நாங்க இங்கயே இருக்கோம். ஆமென் நான் சொல்லப்போறதில்ல. அவரே சொல்லட்டும்."

அதோடு நிறுத்திவிட்டார். கோழி ஒன்று எங்களைச் சுற்றி வந்தது. ஜல்லி மண், முழங்கால் வலிக்கிறது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மூப்பர் இறுக மூடிக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குக் கோபம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. அம்மாவைப் பற்றிச் சொன்னது உள்ளே போயிருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கோபம் இறங்கியது.

"ரோட்டோர வயல் உங்களுக்கு. வடிகால் பக்கம் அவங்களுக்கு" என்றார் கடைசியில். கொஞ்சம் விட்டு, "ஆமென்" என்றார்.

அக்கா எழுந்து அவருக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

தெருவில் மாலை போட்டா வரவேற்றார்கள்? "யாரைக் கேட்டுப் பாதிய விட்டுட்டு வந்த?" என்றாள் ரூபி. "முழுசும் நம்ம வயலு. உனக்கு வடக்கத்தியான் சொந்தமாயிட்டான்." அதற்கப்புறம் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். செட்டும் அவளோடு சேர்ந்துகொண்டது. கூடப் பிறந்தவர்கள்போல நின்று நட்டவர்கள். நாற்று பறிக்கும்போதுகூட அக்காவை விட்டு இரண்டு கை தள்ளியே உட்கார்ந்தார்கள். அவருக்கு அது வலித்தது. உங்கள் அம்மாவிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்: "ஆண்டவர் வேலைய எடுத்தா எஞ்செட்டுப் பொண்ணுங்க போயிடுவாளுவன்னு யாரும் சொல்லலடி. சொல்லியிருந்தாலும் எந்திரிச்சிருப்பேன். ஆனா சொல்லியிருக்கலாம்."

இன்றைக்கு அவர் நடவுக் காலத்தில் குத்தாலம், வலங்கைமான் பக்கமெல்லாம் பஸ் ஏறிப் போகிறார். எந்த ஊர்க் கொட்டகையில் வெளியூர் ஆட்கள் தங்கியிருந்தாலும் மருந்தும் குழம்புமாகப் போய் நிற்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார், ஏஜெண்டுகளோடு சண்டை போடுகிறார். எந்த ஊழியச் சங்கமும் அவரை அனுப்பவில்லை, சபையில் அவருக்குப் பட்டமும் கிடையாது. இந்தப் போக்குவரத்தெல்லாம் பிறகு வந்தது. நான் சொல்லி முடிக்க நினைப்பது, வயலைப் பிரித்தபின் நடவு தொடங்கிய காலையை.

ரோட்டோர வயலில் நம்ம பெண்கள் இறங்கினார்கள். நடுவில் ஒரு வரப்பு. அந்தப் பக்கம் வங்காளத்து ஆட்கள். மருந்து போட்டும் அந்த நரைமீசைக்காரரின் கால் ஆறவில்லை. தண்ணீரில் வைத்ததும் துடித்துப்போய் வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏஜெண்ட் வந்து நின்றான். அவர்கள் பாஷையிலேயே கத்தினான். பிறகு என்னைப் பார்த்து, "நடாதவனுக்குக் கொட்டகையில இடமில்ல. சாயந்திரம் பஸ் ஏத்தி விட்டுருவேன்" என்றான். அந்த மனுஷர் தன் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா நிமிர்ந்தார். கையில் இருந்த நாற்று முடியை ரூபியிடம் நீட்டினார். "செட்ட நீ பாத்துக்க." ரூபி வாங்கிக்கொள்ளவில்லை. அக்கா அதை அவள் பக்கத்தில் சேற்றில் நிமிர்த்தி வைத்துவிட்டு, வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினார்.

அவர்கள் வரிசையில் அந்த மனுஷர் நிற்க வேண்டிய இடம் ஓட்டைப் பல் மாதிரி காலியாக இருந்தது. அங்கே போய் நின்றார். "இவரு பங்க நான் நடுறேன். பஸ்ஸெல்லாம் ஏத்த வேண்டாம்" என்றார் ஏஜெண்டிடம். இரண்டு பக்கமும் இருந்த ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் சிரித்துவிட்டு அக்காவிடம் நாற்றை நீட்டினான். எல்லாரும் குனிந்தார்கள். அந்த வரிசையில் அக்கா மட்டும் பாதி உயரம். ஆனால் கை பின்தங்கவில்லை.

இந்தப் பக்கம் நம்ம பெண்கள் நடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனி அந்தச் செட்டு அக்காவுடையது இல்லை என்றுதான் நான் நினைத்தேன். ரூபி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வடிகால் வயலையே முறைத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். அப்புறம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா" என்று கத்தினாள். அந்த வாரத்தில் அவள் அக்காவிடம் சொன்ன முதல் வார்த்தை. "அவனுவ நாத்தப் புடிச்சு ஆழமா அமுக்குறானுவ பாரு. அப்படி அமுக்குனா எங்கேருந்து தூர் கட்டிக் கிளைக்கும்? மேலாக வைக்கச் சொல்லு."

அக்கா குனிந்தபடியே கேட்டார், "மேலாக வையின்னு அவங்க பாஷையில எப்படிடி சொல்றது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் ரூபி. சேற்றில் நின்ற முடியைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். "நீதானே வடக்கே போனவ."